ரோமில் டாக்டர் பட்டம், ஊர் திரும்பி தமிழ் வகுப்பு: தனிநாயகம் அடிகள் யார்?

ஒரு காட்சியை மனசுல கொண்டு வாங்க. அம்பாங்கில் ஓர் அடுக்குமாடி வீடு. நீங்கள் மூணு நாலு வருஷம் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறீர்கள். சூட்கேஸ் இன்னும் ஹாலில்தான் கிடக்கிறது. அதற்குள் பட்டமளிப்பு அங்கி, ஒரு சான்றிதழ், பாதி படித்த புத்தகங்கள். பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அங்கே என்ன படித்தாய், எப்படி இருந்தது என்று தமிழில் கேட்கிறார். பதில் சொல்ல வாய் திறக்கிறீர்கள். முதல் வாக்கியம் தமிழில் வருகிறது. இரண்டாவது பாதியில் நிற்கிறது. மூன்றாவது முழுக்க ஆங்கிலம்.

பாட்டி சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார். அவருக்குப் புரியவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

இது உங்களுக்கு நடந்திருக்கலாம், நடக்காமலும் இருக்கலாம். ஆனால் ஏறக்குறைய இதே நிலையில், 1939இல் ரோம் நகரில் படிப்பை முடித்துக்கொண்டு ஓர் இளைஞர் கிளம்பினார். கையில் இறையியல் டாக்டர் பட்டம். நாவில் ஐரோப்பிய மொழிகள் பல. ஆனால் சொந்த மொழியான தமிழில் ஆழமான புலமை கிடையாது.

அந்த இளைஞர்தான் பின்னாளில் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை முதன்முதலில் கூட்டியவர். அதுவும் எங்கே? நம்ம கோலாலம்பூரில். சேவியர் தனிநாயகம் அடிகள் என்ற பெயரைப் பள்ளிப் பாடத்திலோ மேடைப் பேச்சிலோ கேட்டிருப்பீர்கள். அவர் தமிழை முறையாகப் படிக்கத் தொடங்கியதே வெளிநாட்டுப் படிப்பை முடித்த பிறகுதான் என்பது பலருக்குத் தெரியாது.

யார் இந்த தனிநாயகம்?

1913 ஆகஸ்ட் 2ஆம் தேதி, இலங்கையின் யாழ்ப்பாணத்தை ஒட்டிய ஊர்காவற்துறைத் தீவுப் பகுதியில், கரம்பொன் என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் சேவியர் நிக்கலஸ் ஸ்தனிஸ்லாஸ். கத்தோலிக்கக் குடும்பம். சிறு வயதிலேயே தாயை இழந்தவர். தனிநாயகம் என்பது அவர் பின்னாளில் தாமே விரும்பிச் சேர்த்துக்கொண்ட பெயர். பெயரிலேயே தமிழ் பிற்பாடுதான் வந்து சேர்ந்தது என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரியில் படித்தார். அந்தக் காலத்தில் நல்ல பள்ளி என்றால் ஆங்கிலப் பள்ளி. இலங்கையும் மலாயாவும் ஒரே பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த காலம் அது. ஆங்கிலம் படித்தவருக்கு அரசாங்க வேலை கிடைக்கும், ரயில்வேயில் இடம் கிடைக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் குடியேறி, ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை பார்த்த குடும்பங்களின் கதையும் இதுதான். ஆங்கிலம் சோறு போட்டது. தமிழ் வீட்டுப் பேச்சாக இருந்தது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் குருவாகப் பணியாற்ற முடிவு செய்து, கொழும்பில் புனித பெர்னார்டு குருமடத்தில் சேர்ந்தார். 1934இல் மேல்படிப்புக்காக ரோம் சென்றார். அப்போது அவருக்கு வயது 21.

ரோமில் அவர் என்ன படித்தார்?

அவர் சேர்ந்தது உர்பானியானா பல்கலைக்கழகம். திருச்சபையின் மறைபரப்புப் பணிக்காக உலகின் பல மூலைகளிலிருந்து மாணவர்கள் வந்து படிக்கும் இடம். பக்கத்து மேசையில் சீன மாணவர் இருப்பார், எதிர் மேசையில் ஆப்பிரிக்க மாணவர் இருப்பார். வெளிநாட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர்களுக்கு இது புதுசு இல்லை. எல்லாரும் தங்கள் நாட்டைப் பற்றிப் பேசும்போது, உங்கள் முறை வரும். அப்போதுதான் உங்களுக்கு உங்கள் சொந்த ஊரைப் பற்றி எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று புரியும்.

ரோமில் இருந்தபோது லத்தீனும் இத்தாலிய மொழியும் அவருக்குக் கைவந்தன. பிரெஞ்சு, ஸ்பானிஷ், போர்த்துக்கீசியம் போன்ற மொழிகளும் நாளடைவில் வந்து சேர்ந்தன. 1938 மார்ச் 19ஆம் தேதி அங்கேயே குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். டாக்டர் பட்டத்துக்காக அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, மூன்றாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில், புனித சிப்ரியான் ஆயராக இருந்தபோது வாழ்ந்த குருக்கள் பற்றியது. கார்த்தேஜ் இன்றைய துனிசியாவில் இருக்கிறது.

கொஞ்சம் நின்று இதை யோசிச்சுப் பாருங்க. ஓர் யாழ்ப்பாணத் தமிழர், லத்தீன் கடிதங்களையும் பழைய ஆவணங்களையும் வரி வரியாகப் படித்து, 1,700 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வட ஆப்பிரிக்க மனிதர்களின் வாழ்க்கையைக் கட்டி எழுப்புகிறார். ஏறக்குறைய அதே நூற்றாண்டுகளில் அவருடைய சொந்த மொழியில் சங்கப் பாடல்கள் எழுந்திருக்கின்றன. ஆனால் கார்த்தேஜைத் தெரிந்த அளவுக்கு அவருக்கு மதுரையையும் பூம்புகாரையும் அப்போது தெரியாது.

அது அவருடைய குற்றம் இல்லை. அவருக்குக் கிடைத்த கல்வி அப்படி. நம்மில் பலருக்கும் அப்படித்தானே? எஸ்.பி.எம். வரை எத்தனை நாடுகளின் வரலாறு படித்திருப்போம்! ஆனால் தாத்தா எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்று கேட்டால் அம்மாவைத்தான் திரும்பிப் பார்ப்போம்.

படிப்பு முடிந்த பிறகு என்ன நடந்தது?

1939இல் படிப்பு முடிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் வெடித்தது. தனிநாயகம் யாழ்ப்பாணத்தில் போய் அமரவில்லை. தமிழ்நாட்டின் தூத்துக்குடி மறைமாவட்டத்தில் பணி கிடைத்தது. திருநெல்வேலிச் சீமையில், வடக்கன்குளம் என்ற ஊரில் புனித தெரேசா உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

ரோமிலிருந்து வடக்கன்குளம். இந்தத் தூரம் வெறும் கடல் தூரம் மட்டும் இல்லை. ரோமில் அவர் ஓர் ஆய்வாளர். வடக்கன்குளத்தில் அவரைச் சுற்றி இருந்தவர்கள் தமிழிலேயே வாழ்ந்தவர்கள். பிள்ளைகள், பெற்றோர், பங்கு மக்கள் எல்லாரும். அவர்கள் முன் பேச வேண்டும், பாடம் நடத்த வேண்டும், ஆறுதல் சொல்ல வேண்டும். லத்தீனில் வாதம் செய்யத் தெரிந்தவருக்குத் தம் மக்களிடம் நல்ல தமிழில் பேச வார்த்தை போதவில்லை.

இங்கேதான் கதை திரும்புகிறது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். ஒன்று, தெரிந்த ஆங்கிலத்தைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்பது. இன்னொன்று, அரைகுறைத் தமிழே போதும் என்று சமாளித்து ஓட்டுவது. தனிநாயகம் மூன்றாவது வழியை எடுத்தார். அந்தப் பள்ளியிலிருந்த குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்ற தமிழ்ப் பண்டிதரிடம் மாணவராகச் சேர்ந்தார்.

டாக்டர் பட்டம் வாங்கிய கத்தோலிக்கக் குரு, பள்ளியின் தமிழ்ப் பண்டிதரான ஐயரிடம் பாடம் கேட்கிறார். இலக்கணம், இலக்கியம் என்று அடியிலிருந்து, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். மதம் வேறு, பட்டம் வேறு என்பதெல்லாம் இருவருக்கும் தடையாகவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட ஒரே காரணத்தால் அந்த வகுப்பு நடந்தது.

30 வயதைத் தாண்டி மறுபடியும் கல்லூரியா?

ஆமாம். நான்கு ஆண்டு தனிப்பாடம் அவருக்குப் போதவில்லை. 1945இல் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். உடன் படித்தவர்கள் பலரும் அவரைவிட வயதில் இளையவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். எம்.ஏ. முடிந்ததும் அங்கேயே ஆய்வுப் பட்டமான எம்.லிட். வரை போனார்.

அவருடைய ஆய்வுத் தலைப்பு, பழந்தமிழ்ப் பாடல்களில் இயற்கை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் உணர்வைக் கொடுத்த திணை மரபைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். ஆய்வை ஆங்கிலத்தில் எழுதினார். கிரேக்க, ரோமானியக் கவிதைகளில் இயற்கை எப்படி வருகிறது என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பின்னால் அது புத்தகமாகவும் வந்தது.

இப்போது கவனியுங்கள். ரோமில் படித்த லத்தீன் வீணாகவில்லை. அது இல்லாமல் அந்த ஒப்பீடு சாத்தியமே இல்லை. ஆனால் ஐயரிடம் படித்த தமிழ் இல்லாமல் அந்த லத்தீனால் தமிழுக்கு ஒரு பயனும் இருந்திருக்காது. வெளிநாட்டுப் படிப்பின் மதிப்பு அவர் ஊர் திரும்பிய பிறகு படித்த படிப்பால்தான் தெரிந்தது.

அவர் ஏன் நாடு நாடாகப் போனார்?

1940களின் கடைசியிலும் 1950களின் தொடக்கத்திலும் அவர் நீண்ட பயணங்கள் போனார். ஜப்பான், அமெரிக்கா, தென் அமெரிக்கா என்று பல நாடுகளில் தமிழ் பற்றி விரிவுரை ஆற்றினார். போன இடமெல்லாம் ஒரே விஷயம் அவர் கண்ணில் பட்டது. அறிஞர்களுக்கு இந்தியா என்றால் சமஸ்கிருதம் தெரிந்திருந்தது. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் உள்ள தமிழ், பலருக்குப் பெயரளவில்தான் தெரிந்திருந்தது.

தமிழின் பெருமையைத் தமிழர்களிடமே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தால் இது மாறாது என்று அவர் கண்டுகொண்டார். அதனால் 1952இல் தமிழ்ப் பண்பாட்டைப் பற்றிய ஆங்கிலக் காலாண்டிதழ் ஒன்றைத் தொடங்கி ஆசிரியராக இருந்தார். அதன் பெயர் 'தமிழ் கல்ச்சர்'. தமிழ் அறிஞர்களும் ஐரோப்பிய அறிஞர்களும் ஒரே இதழில் எழுதினார்கள். தமிழ் வாசகர்களுக்காகத் தமிழிலும் எழுதினார். 'தமிழ்த் தூது', பயண நூலான 'ஒன்றே உலகம்' எல்லாம் அப்படி வந்தவை.

அந்தப் பயணங்களில் அவர் நூலகங்களையும் விடவில்லை. 1554இல் போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில் அச்சான ஒரு சிறு கிறிஸ்தவப் போதனை நூல் இருக்கிறது. அதில் தமிழ் வாசகம் ரோமன் எழுத்தில், போர்த்துக்கீசிய விளக்கத்தோடு அச்சாகியிருக்கிறது. அதைத் தயாரித்தவர்களில் லிஸ்பனில் அப்போது இருந்த தமிழர்களும் உண்டு. வாட்ஸ்அப்பில் நாம் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவதற்கு 450 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முன்னோடி! அந்த நூலைத் தமிழ் ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் தனிநாயகம்.

இன்னொன்று அன்தாவ் தெ ப்ரோயென்சா என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் தொகுத்த தமிழ் - போர்த்துக்கீசிய அகராதி. 1679இல் கேரளத்தின் அம்பலக்காட்டில் அச்சானது. 16,000க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்டது. அதன் பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. மாணவராக அவர் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்த அதே ரோம் நகரம். படிக்கப் போனபோது அவர் தேடியது கார்த்தேஜ். தமிழ் படித்த பிறகு அதே ஊருக்குப் போனபோது அவர் கண்ணில் பட்டது தமிழ். நகரம் மாறவில்லை. தேடியவர்தான் மாறியிருந்தார்.

இரண்டாவது வெளிநாட்டுப் படிப்பு எப்படி முடிந்தது?

1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித் துறை விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1955 முதல் 1957 வரை லண்டன் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. படித்தார். பழந்தமிழ் இலக்கியத்தில் கல்விச் சிந்தனை என்பது தலைப்பு. முதல் முறை வெளிநாடு போனபோது கார்த்தேஜைப் படித்தவர், இரண்டாம் முறை தமிழையே தலைப்பாக எடுத்துக்கொண்டு போனார்.

ஆனால் இந்தப் படிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே ஊரில் நிலைமை மாறியது. 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. லண்டனில் உட்கார்ந்து தமிழரின் பழைய கல்வி மரபைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவரின் சொந்த நாட்டில், அந்த மொழி அரசு அலுவலக வாசலில் நிறுத்தப்பட்டது. படிப்பு முடிந்து அவர் திரும்பியது அந்த நாட்டுக்குத்தான். 1958இல் தமிழர்களுக்கு எதிரான கலவரமும் நடந்தது.

வெளிநாட்டுப் படிப்பின் கடைசி மாதங்களில் எல்லாருக்கும் ஒரு கேள்வி வரும். திரும்புவதா, இங்கேயே இருந்துவிடுவதா? ஊரில் எனக்கு இடம் இருக்குமா? அவருக்கு இந்தக் கேள்வி வேலை பற்றியது மட்டும் இல்லை, மொழியைப் பற்றியதும்கூட. அவர் திரும்பினார். தமிழ் மக்களின் மொழி உரிமைக்காகப் பேசியும் எழுதியும் வந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடியும் ஒரு கடல் தாண்டினார். இந்த முறை மலாயாவுக்கு.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எப்படி வந்தது?

இதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போகணும். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கியது. அங்கே இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் பேச்சு வந்தபோது, சமஸ்கிருதத்துக்கு முதலிடமா, தமிழுக்கு முதலிடமா என்ற விவாதம் எழுந்தது. இங்கே வாழும் இந்தியர்களில் பெரும்பான்மையினர் தமிழர்கள், ஆகவே தமிழ்தான் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ.சாரங்கபாணி வாதாடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். சாதாரணத் தொழிலாளர்களும் தங்களால் முடிந்ததைக் கொடுத்தார்கள்.

அந்தத் துறை பின்னர் கோலாலம்பூரில், லெம்பா பந்தாய் வளாகத்தில் இடம்பெற்றது. 1961இல் அதற்குத் தலைமை ஏற்க வந்தவர்தான் தனிநாயகம். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள் கொடுத்த வெள்ளியும், ரோமிலும் லண்டனிலும் படித்தவரின் அறிவும் ஒரே துறையில் வந்து சேர்ந்தன.

1969 வரை அவர் இங்கே இருந்தார். தென்கிழக்காசியாவில் தமிழின் தடங்களைப் பற்றி அவர் ஏற்கெனவே எழுதிவந்தவர். தாய்லாந்து அரண்மனைச் சடங்குகளில் திருவெம்பாவையின் சாயல் இருப்பதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். தமிழர்கள் இந்த வட்டாரத்துக்கு ரப்பர் மரத்தோடு வந்து இறங்கியவர்கள் மட்டும் இல்லை, அதற்கு முன்பே கடல் வழியாக இங்கே உறவு இருந்தது என்பதை ஆதாரத்தோடு சொல்ல அவரால் முடிந்தது. 1966இல், வத்திக்கானில் கிடந்த ப்ரோயென்சா அகராதி மறுபதிப்பாக வெளிவந்தது. அதை வெளியிட்டது வேறு யாரும் இல்லை, மலாயாப் பல்கலைக்கழகம்.

1966 மாநாட்டில் அப்படி என்ன விசேஷம்?

1964 ஜனவரியில் புதுடெல்லியில் கீழைத்தேய ஆய்வாளர்களின் உலக மாநாடு நடந்தது. அதற்கு வந்திருந்த தமிழ் ஆய்வாளர்களைத் தனியாக ஒன்று கூட்டி, உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தை உருவாக்கினார்கள். இதில் தனிநாயகத்தோடு முன்னின்றவர் வ.அய்.சுப்பிரமணியம். பிரான்சின் ஜான் ஃபிலியோசா தலைவர். செக் நாட்டின் கமில் சுவெலபிலும் தனிநாயகமும் பொதுச் செயலாளர்கள்.

ஒரு மன்றத்தை அறிவிப்பது சுலபம். முதல் கூட்டத்தை நடத்திக் காட்டுவதுதான் கஷ்டம். முதல் மாநாடு சென்னையிலோ மதுரையிலோ நடந்திருக்கலாம். ஆனால் 1966 ஏப்ரலில் அது கோலாலம்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடங்கிவைத்தார். பல நாடுகளிலிருந்து அறிஞர்கள் வந்தார்கள். தமிழ் என்பது ஒரு மாநிலத்தின் மொழி, ஒரு தோட்டத்தின் மொழி என்ற நினைப்புக்கு அந்த ஒரு வாரம் பதில் சொன்னது.

நாடு சுதந்திரம் அடைந்து அப்போது ஒன்பதே ஆண்டுகள். தமிழர்கள் சிறுபான்மையினர். மாநாட்டை முன்னின்று நடத்தியவரோ இலங்கைத் தமிழர். ஆனாலும் நாட்டின் பிரதமரே வந்து தொடங்கிவைத்தார். சிறுபான்மை மொழி என்பதால் சிறிய மொழியாகிவிடாது என்பதைக் கோலாலம்பூர் அன்று காட்டியது.

அதன் பிறகு 1968இல் சென்னை, 1970இல் பாரிஸ் என்று மாநாடு பயணம் போனது. மன்றத்தின் மாநாடு 1987இலும் 2015இலும் கோலாலம்பூருக்கே மறுபடியும் வந்தது.

கடைசி ஆண்டுகள் எப்படி இருந்தன?

மலாயாப் பல்கலைக்கழகத்திலிருந்து விலகிய பிறகு அவர் மெல்ல யாழ்ப்பாணத்துக்கே திரும்பினார். நான்காவது மாநாடு 1974 ஜனவரியில் அங்கேதான் நடந்தது. பிறந்த மண்ணில், தாம் தொடங்கிவைத்த மாநாடு. எவ்வளவு மகிழ்ச்சியாக முடிந்திருக்க வேண்டும்! ஆனால் நிறைவு நாளான ஜனவரி 10ஆம் தேதி மாலை, கூடியிருந்த மக்கள் மீது காவல் துறை நடவடிக்கை எடுத்தது. அந்தக் குழப்பத்தில் பொதுமக்கள் பலர் உயிரிழந்தார்கள். ஈழத் தமிழர் வரலாற்றில் ஆறாத காயமாக அந்த நாள் நின்றுவிட்டது.

கோலாலம்பூரில் ஒரு பிரதமர் வந்து தொடங்கிவைத்த மாநாடு, எட்டே ஆண்டுகளில் சொந்த ஊரில் இப்படி முடிந்தது. இரண்டையும் அவர் ஒரே வாழ்நாளில் பார்த்தார்.

1980 செப்டம்பர் 1ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் காலமானார். வயது 67. நான்கு மாதங்கள் கழித்து மதுரையில் ஐந்தாவது மாநாடு நடந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

இது உங்களுக்கு ஏன் முக்கியம்?

தனிநாயகம் அடிகளைப் பற்றிப் பேசும்போது பட்டங்களையும் மொழிகளையும் பயணங்களையும்தான் வரிசையாகச் சொல்வார்கள். அந்தப் பட்டியலைக் கேட்டால் நமக்குக் கொஞ்சம் மலைப்பாக இருக்கும். அவர் எங்கே, நாம் எங்கே என்று தோன்றும். ஆனால் அந்தப் பட்டியலுக்கு நடுவில், வடக்கன்குளத்தில் ஒரு மேசை இருக்கிறது. டாக்டர் பட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து, ஓர் ஐயரிடம் முதலிலிருந்து பாடம் கேட்ட மேசை. அந்த மேசை இல்லாவிட்டால் கோலாலம்பூர் மாநாட்டை அவர் கூட்டியிருக்க மாட்டார்.

நம்மில் பலர் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்தோம். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் தமிழ் ஒரு கூடுதல் பாடமாக, சில இடங்களில் பள்ளி நேரத்துக்குப் பிறகு நடக்கும் வகுப்பாகச் சுருங்கியது. சிலர் தமிழ்ப்பள்ளிக்கே போகவில்லை. பிறகு கல்லூரி, பிறகு வெளிநாடு. ஒரு கட்டத்தில், இனிமேல் தமிழ் நமக்கு வராது என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வெட்கம் வந்துவிட்டால் பேசவே மாட்டோம். பேசாவிட்டால் இன்னும் மறந்துபோகும். தமிழ் சரியாகத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம் வேறு.

தனிநாயகம் இந்தத் தீர்ப்பைத் தமக்கு எழுதிக்கொள்ளவில்லை. அதே நேரத்தில், ஆங்கிலத்தையும் லத்தீனையும் படித்ததற்காக அவர் வருந்தி உட்காரவும் இல்லை. தமிழுக்கு அவர் செய்த பெரிய வேலைகளில் பாதி ஆங்கிலத்தில் நடந்தது. இரண்டு மொழி தெரிந்தவர் இரண்டு கரைக்கும் நடுவில் தவிப்பவராக இருக்கணும் என்று கட்டாயம் இல்லை. ஓடம் ஓட்டுபவராகவும் இருக்கலாம். ஆனால் ஓடம் இரண்டு கரையிலும் ஒதுங்கத் தெரிந்ததாக இருக்கணும், இல்லையா?

ஒரு சனிக்கிழமை நேரம் கிடைத்தால் இதைச் செய்து பாருங்க. அம்பாங்கில் எல்ஆர்டி ஏறுங்கள். மஸ்ஜிட் ஜாமேக்கில் இறங்கி கிளானா ஜெயா தடத்துக்கு மாறுங்கள். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கேஎல் சென்ட்ரல், அடுத்து பங்சார், அதற்கடுத்து சில நிலையங்கள் தாண்டினால் யுனிவர்சிட்டி நிலையம். அங்கிருந்து மலாயாப் பல்கலைக்கழகம் பக்கம்தான். 1966இல் உலகத்தின் பல நாட்டு அறிஞர்கள் தமிழுக்காக வந்து இறங்கிய வளாகம், உங்கள் வீட்டிலிருந்து இரண்டு ரயில் தூரத்தில் இருக்கிறது.

போய்விட்டு வந்து, ஹாலில் கிடக்கும் சூட்கேஸைக் காலி செய்யுங்கள். பிறகு பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, அங்கே என்ன படித்தீர்கள் என்று மறுபடியும் சொல்ல ஆரம்பியுங்கள். இரண்டாவது வாக்கியத்தில் வார்த்தை நின்றால், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லித் தருவார்.